கவந்தி

கவந்தி என்பது இந்தியாவின் கருநாடக மாநிலத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் பழந்துணிகளைக் கொண்டு கையால் தைக்கும் ஒட்டுத்துணி மெத்தை விரிப்பு ஆகும். இது கவந்த் என்றும் ஒலிக்கப்படும். அளவிலும் நிறத்திலும் வேறுபட்ட துணித்துண்டுகளை ஒரு பழைய பருத்திச் சேலையின் மீது வைத்து, விளிம்பில் தொடங்கி நடுப்பகுதி நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைத்து இது உருவாக்கப்படுகிறது. தாளில் வரைந்த மாதிரியோ அளவெடுத்து வெட்டிய வார்ப்புருவோ இதற்குப் பயன்படுத்தப்படுவதில்லை. எனினும் முடிவில் கிடைக்கும் விரிப்பு, செவ்வகங்களும் பட்டைகளும் நிறமோதல்களும் கொண்ட ஓர் அரூப ஓவியம் போலத் தோற்றமளிக்கும். இக்காரணத்தால் கவந்தி வீட்டுப் பயன்பாட்டுப் பொருளாகவும் அரூபத் துணிக்கலையாகவும் ஒருங்கே கருதப்படுகிறது.

தமிழில் சித்தி என்னும் சொல் சிற்றன்னையையும், கைகூடுதலையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது ஆப்பிரிக்க வழிவந்த ஓர் இந்திய இனக்குழுவின் பெயராக மட்டுமே ஆளப்படுகிறது.

சித்தி மக்கள்

சித்தி மக்கள் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பல நூற்றாண்டுகளாக இந்தியாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் ஆவர். அராபிய வணிகர்களாலும் பின்னர் போர்த்துக்கீசியராலும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் பலர். போர்வீரர்களாகவும் மாலுமிகளாகவும் வந்தோரும் உண்டு. அகமதுநகர் அரசில் உயர்ந்த பதவி வகித்த மாலிக் அம்பர் (இறப்பு 1626) ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக விற்கப்பட்டு, பின்னர் தக்காணத்தின் படைத்தலைவராக உயர்ந்தவர்.

கருநாடகத்தில் சித்தி மக்கள் பெரும்பாலும் உத்தர கன்னட மாவட்டத்தின் எல்லாபூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா வட்டங்களில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை ஒட்டிய ஊர்களில் வாழ்கின்றனர். இவர்களுள் பலர் போர்த்துக்கீசியர் ஆட்சியிலிருந்த கோவாவிலிருந்து தப்பிக் காடுகளில் குடியேறிய அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்படுகின்றனர். இந்து, இசுலாம், கிறித்தவம் ஆகிய மூன்று சமயங்களையும் பின்பற்றுவோர் இவர்களிடையே உள்ளனர். கொங்கணி கலந்த பேச்சுமொழியும் கன்னடமும் பரவலாகப் பேசப்படுகின்றன. உத்தர கன்னட மாவட்டச் சித்தி மக்கள் 2003 ஆம் ஆண்டில் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டனர். பெரும்பாலோர் விவசாயக் கூலிகளாகவோ சிறு நிலத்தில் பயிர் செய்வோராகவோ உள்ளனர். சமயம் எதுவாயினும் கவந்தி தைக்கும் வழக்கம் இவர்களுக்குப் பொதுவானது.

பயன்பாடு

மலைப்பகுதியின் நீண்ட மழைக்காலத்திலும் குளிர்ந்த இரவுகளிலும் கவந்தி தரையில் விரித்துப் படுக்கவும் மேலே போர்த்திக் கொள்ளவும் பயன்படுகிறது. குழந்தைகளுக்கான சிறிய கவந்தி முதல், குடும்பத்தினர் பலர் ஒன்றாகப் படுக்கத்தக்க பெரிய கவந்தி வரை பல அளவுகளில் இவை தைக்கப்படுகின்றன. புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பாட்டியோ பெரியம்மாவோ தைத்துக் கொடுப்பது உண்டு. பலமுறை துவைக்கப்பட்ட பழம் பருத்தித்துணி புதுத்துணியைவிட மென்மையானது. எனவே பழந்துணியைப் பயன்படுத்துவதற்குச் சிக்கனம் மட்டுமே காரணம் அன்று.

பொருட்கள்

கவந்தி தைக்கத் தேவையானவை மிகக் குறைவு:

அடித்துணி: பெரும்பாலும் ஒரு பழைய பருத்திச் சேலை. விரிப்பின் நீள அகலத்தையும் பின்புறத் தோற்றத்தையும் இதுவே தீர்மானிக்கிறது.

ஒட்டுத்துணிகள்: கிழிந்த சேலை, சட்டை, பாவாடை, குழந்தைகளின் உடை ஆகியவற்றில் கிழியாத பகுதிகள். துண்டுகள் ஒரே அளவில் வெட்டப்படுவதில்லை. உடையிலிருந்து எவ்வளவு கிடைக்கிறதோ அதுவே துண்டின் அளவு.

ஊசியும் நூலும்: தடித்த பருத்தி நூல். வெண்ணிற நூல் நிறத்துணிகளின் மீது தெளிவாகத் தெரிவதால் தையல் வரிகளும் வடிவமைப்பின் ஒரு பகுதியாகிவிடுகின்றன.

சட்டகம், பஞ்சு அடுக்கு, தையல் இயந்திரம் ஆகியவை தேவைப்படுவதில்லை. தைப்பவர் தரையில் அமர்ந்து துணியை மடியிலும் தரையிலுமாகப் பரப்பி வைத்துத் தைக்கிறார்.

செய்முறை

உலகின் பிற பகுதிகளில் ஒட்டுத்துணி விரிப்புகள் பொதுவாக இரண்டு கட்டங்களாகச் செய்யப்படுகின்றன. முதற்கட்டத்தில் துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்து மேற்துணி தயாரிக்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் மேற்துணி, பஞ்சு, அடித்துணி ஆகிய மூன்று அடுக்குகளும் ஊடுதையல் மூலம் இணைக்கப்படுகின்றன. கவந்தியில் இவ்விரண்டு கட்டங்களும் ஒன்றே. ஒவ்வொரு துண்டும் வைக்கப்படும்போதே அடித்துணியுடன் சேர்த்து முழுமையாகத் தைக்கப்பட்டுவிடுகிறது.

விளிம்பு

அடித்துணியின் ஓரம் உள்நோக்கி மடிக்கப்படுகிறது. முதல் துண்டு ஒரு மூலையில் வைக்கப்பட்டு, அதன் ஓரமும் மடிக்கப்பட்டு ஓட்டத்தையலால் பிணைக்கப்படுகிறது. ஊசியை மேலும் கீழுமாக மாறி மாறிச் செலுத்தும் எளிய தையலே ஓட்டத்தையல் எனப்படுகிறது. அடுத்த துண்டு முந்தைய துண்டின் ஓரத்தைச் சிறிது மூடுமாறு வைக்கப்படுகிறது. இவ்வாறு நான்கு பக்கங்களும் முதலில் அடைக்கப்படுகின்றன. படுக்கை விரிப்பில் முதலில் கிழிவது ஓரமே என்பதால், அங்கே முதலில் உறுதி சேர்ப்பது பயன்பாட்டுக்கும் ஏற்றது.

சுற்றுகள்

விளிம்பு முடிந்தபின் தையல் அதற்கு இணையாக உள்நோக்கி நகர்கிறது. தையல் வரி ஒரு சுற்று முடிந்து, சிறு இடைவெளி விட்டு அடுத்த சுற்றாகத் தொடர்கிறது. துண்டின் அகலம் முடியும் இடத்தில் புதிய துண்டு செருகப்படுகிறது. துண்டுகள் வெவ்வேறு அகலம் உடையவை ஆதலால் ஒரு பக்கத்தில் புதிய நிறம் தொடங்கும்போது மறுபக்கத்தில் பழைய நிறமே தொடரலாம். கவந்தியின் சீரற்ற, அசைவுள்ள தோற்றத்துக்கு இதுவே முதன்மைக் காரணம்.

சுருக்கம் தவிர்த்தல்

விளிம்பிலிருந்து நடுவுக்குச் செல்லும் முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மூன்றடுக்கு விரிப்புகளைத் தைப்போர் வழக்கமாக நடுவில் தொடங்கி வெளிநோக்கித் தைப்பர். அப்போது துணியில் மிகும் தளர்ச்சி ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். கவந்தியில் ஓரம் ஏற்கெனவே தைக்கப்பட்டு விடுவதால் தளர்ச்சி வெளியேற வழியில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிதளவு தளர்ச்சி மிகுந்தாலும் அது நடுவில் புடைப்பாகத் திரளும். ஆகவே ஒவ்வொரு துண்டையும் உள்ளங்கையால் நீவிச் சமன்படுத்தி, நூலை மிக இறுக்காமலும் மிகத் தளர்த்தாமலும் தைக்க வேண்டியுள்ளது. கவந்தியின் நடுப்பகுதி தட்டையாக அமைவது தைத்தவரின் கைத்திறனுக்குச் சான்றாகும்.

நடுப்பகுதி

சுற்றுகள் சுருங்கச் சுருங்க நடுவில் ஒரு சிறிய வெற்றிடம் எஞ்சுகிறது. அதன் வடிவம் முன்னரே அறியப்பட்டதன்று. அதுவரை இட்ட துண்டுகளின் விளைவாகவே அது அமைகிறது. அவ்விடத்தை மூடும் கடைசித் துண்டு, அளவு பார்த்து மடித்து வைத்துத் தைக்கப்படுகிறது.

மூலைப் பூக்கள்

கவந்தியின் நான்கு மூலைகளிலும் மடித்து அடுக்கிய சிறு துணிகளால் ஆன முக்கோண வடிவக் குஞ்சங்கள் அமைக்கப்படுகின்றன. இவை பூலா எனப்படும். பூ என்பது இதன் பொருள். பூலா இல்லாத கவந்தி முடிவுறாததாகவும், ஆடையற்றதைப் போன்றதாகவும் கருதப்படுகிறது. பயன்பாட்டுக்கு இன்றியமையாதது அல்லாத ஓர் உறுப்பு, நிறைவுக்கு இன்றியமையாததாகக் கருதப்படுவது இங்குக் குறிப்பிடத்தக்கது. கவந்தி வெறும் போர்வையாக மட்டும் எண்ணப்படவில்லை என்பதற்கு இது உள்ளிருந்தே கிடைக்கும் சான்று.

வடிவமைப்பு

முன்வரைவு இல்லை என்பதால் கவந்தியில் வடிவமைப்பு இல்லை என்று கொள்வது பிழையாகும். வடிவமைப்பு முடிவுகள் தையலுக்கு முன்பு ஒரே நேரத்தில் எடுக்கப்படாமல், தையல் நெடுகிலும் சிறிது சிறிதாக எடுக்கப்படுகின்றன என்பதே வேறுபாடு. ஒவ்வொரு துண்டையும் வைக்கும்போது தைப்பவர் குறைந்தது பின்வருவனவற்றை முடிவு செய்ய வேண்டியுள்ளது:

அருகிலுள்ள துண்டோடு இந்நிறம் இணங்குகிறதா, மோதுகிறதா என்பது. கரும்பச்சைக்கு அருகில் மஞ்சளை வைத்தால் இரண்டும் தனித்துத் தெரியும். கருநீலத்தை வைத்தால் இரண்டும் ஒரே நிழல்பரப்பாக மாறும்.

இந்நிறம் இதற்கு முன் எங்கே வந்துள்ளது என்பது. ஒரு சிவப்புத் துண்டு ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அது தனித்து நிற்கும். எதிர்ப்பக்கத்திலும் சிறிது சிவப்பு வந்தால் கண் இரண்டுக்கும் இடையே செல்லும்.

துண்டின் அகலம். அகன்ற துண்டு பார்வையை நிறுத்துகிறது. குறுகிய பட்டைகள் அடுத்தடுத்து வந்தால் பார்வை விரைகிறது.

எஞ்சியுள்ள துணி எவ்வளவு என்பது. விரும்பிய நிறம் தீர்ந்துவிட்டால் சுற்று வேறு நிறத்தில் தொடர வேண்டியதுதான். இத்தகைய இடங்களே பல கவந்திகளில் எதிர்பாராத நிறமாற்றங்களாக அமைந்துள்ளன.

இம்முடிவுகள் எளிதில் மாற்ற இயலாதவை. தைக்கப்பட்ட துண்டைப் பிரித்தால் அதன்மேல் ஏறியுள்ள அடுத்த துண்டையும், அதனூடே செல்லும் பல தையல் வரிகளையும் பிரிக்க வேண்டும். ஆகவே பொருந்தாத ஒரு துண்டை நீக்குவதைவிட, அடுத்து வைக்கும் துண்டுகளால் அதைப் பொருந்தச் செய்வதே எளிது. முன் செய்ததை ஏற்று அதற்கு விடையளித்துக் கொண்டே முன்னேறுவதே கவந்தியின் வடிவமைப்பு முறை எனலாம்.

சில கவந்திகளில் தைப்பவரின் சமயத்தைக் காட்டும் குறியீடுகளும் இடம்பெறுகின்றன. கிறித்தவர்கள் சிலுவையையும் இசுலாமியர்கள் பிறையையும் துணியில் வெட்டிச் சேர்ப்பது உண்டு. ஆயினும் பெரும்பான்மைப் பரப்பு உருவங்கள் அற்றதாகவே உள்ளது.

பின்புறம்

கவந்தியின் பின்புறத்தில் ஒட்டுத்துணிகள் தெரிவதில்லை. அடித்துணியின் மீது ஒன்றனுள் ஒன்றாக அமைந்த செவ்வகத் தையல் வரிகள் மட்டுமே காணப்படும். எங்கே தொடங்கி எவ்வழியே சென்றது என்பதன் பதிவாகப் பின்புறம் விளங்குகிறது. முன்புறத்தில் நிறங்களால் மறைந்துள்ள ஒழுங்கு பின்புறத்தில் வெளிப்படுகிறது.

முன்திட்டமிட்ட வடிவமைப்புடன் ஒப்பீடு

கவந்தியின் தனித்தன்மையை அதற்கு நேர்மாறான ஒரு துணிக்கலையுடன் ஒப்பிட்டு அறியலாம். தமிழ்நாட்டின் திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி, கைத்தறிப் பட்டுச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றுள்ளது. பட்டுச் சேலையின் கரையிலும் முந்தானையிலும் இடம்பெறும் உருவம் முதலில் கட்டத்தாளில் வரையப்படுகிறது. இன்று இது கணினியிலும் வரையப்படுகிறது. பின்னர் அவ்வரைவுக்கு ஏற்ப அட்டைகளில் துளைகள் இடப்படுகின்றன. ஜக்கார்டு பெட்டியில் கோக்கப்பட்ட அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பும்போது, துளை உள்ள இடத்துக்குரிய பாவு இழைகள் உயர்ந்து, ஊடை இழை அவற்றின் கீழே செல்கிறது. உருவத்தின் ஒவ்வொரு ஊடை வரிக்கும் ஓர் அட்டை தேவைப்படும்.

இம்முறையில் முதல் ஊடை இழை ஓடுவதற்கு முன்பே உருவம் முழுமையாக முடிவாகிவிடுகிறது. வரைபவரும் நெய்பவரும் வெவ்வேறு நபர்களாக இருக்கலாம். அதே அட்டைகளைக் கொண்டு அதே உருவத்தை எத்தனை சேலைகளிலும் நெய்யலாம். கவந்தியில் வரைபவரும் தைப்பவரும் ஒருவரே. ஒருமுறை தைத்ததை அவரே மறுபடியும் அவ்வாறே தைக்க இயலாது, ஏனெனில் அதே துணித்துண்டுகள் மீண்டும் கிடைப்பதில்லை. ஒன்றில் திட்டமும் மற்றொன்றில் முறையும் கைமாற்றப்படுகின்றன. எது உயர்ந்தது என்பதன்று இங்குக் கேள்வி. வடிவம் எப்போது முடிவாகிறது என்பதே இரண்டுக்கும் உள்ள வேறுபாடு.

இந்தியாவின் பிற ஒட்டுத்துணி மரபுகள்

பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் வழக்கம் இந்தியத் துணைக்கண்டத்தில் பரவலாக உள்ளது.

வங்காளத்தின் காந்தா: மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் வழங்குகிறது. ஓட்டத்தையலால் உருவங்கள் வரையப்படுகின்றன. நடுவில் தாமரை அமைத்து வெளிநோக்கி விரிவது இதன் புகழ்பெற்ற அமைப்பு. காந்தா என்னும் சொல்லும் தமிழில் கிழிந்த துணியைக் குறிக்கும் கந்தை என்னும் சொல்லும் ஒரே வடமொழி மூலத்தைச் சேர்ந்தவை.

சுசனி: பீகார் மாநிலத்தைச் சேர்ந்தது.

ரல்லி: பாக்கித்தானின் சிந்து மாகாணத்திலும், இராசத்தான், குசராத்து மாநிலங்களிலும் காணப்படுவது. சதுரங்களும் முக்கோணங்களும் கொண்ட கணக்கான வடிவியல் அமைப்பு உடையது.

கோதடி, கவுதி: முறையே மகாராட்டிரத்திலும் வட கருநாடகத்திலும் தைக்கப்படுபவை. சித்தி மக்கள் வாழும் பகுதிக்கு மிக அருகில் உள்ள மரபுகள் இவையே.

தமிழ்நாட்டில் பழஞ்சேலைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரிக்கும் வழக்கம் உள்ளது. துணித்துண்டுகளை வெட்டி ஒட்டித் தைக்கும் நுட்பம், தஞ்சாவூர்ப் பகுதியில் தேர்களிலும் கோயில் விழாக்களிலும் தொங்கவிடப்படும் தொம்பைகளில் சிறப்பாக வளர்ந்துள்ளது.

அரூபக் கலையும் ஒட்டுத்துணியும்

ஒட்டுத்துணி விரிப்புக்கும் இருபதாம் நூற்றாண்டு அரூப ஓவியத்துக்கும் தொடர்பு உண்டு. உக்ரைனில் பிறந்து பாரிசில் வாழ்ந்த ஓவியர் சோனியா டெலோனே 1911 ஆம் ஆண்டில் தம் கைக்குழந்தைக்கு ஒரு போர்வை தைத்தார். தம் நாட்டு உழவர் வீடுகளில் கண்ட முறையில் துணித்துண்டுகளை இணைத்து அவர் செய்த அப்போர்வை, அவரது அரூப ஓவியங்களுக்கு ஒரு தொடக்கமாகக் கருதப்படுகிறது. இன்று அது பாரிசின் தேசிய நவீனக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது.

1971 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் ஜோனதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டெர் ஹூஃப் ஆகியோர் திரட்டிய அமெரிக்க ஒட்டுத்துணி விரிப்புகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் காட்சிப்படுத்தியது. இக்கண்காட்சி ஒட்டுத்துணிக்குக் கலைமதிப்பைத் தேடித் தந்தது. அதேவேளை, விரிப்புகளை அவற்றின் பயன்பாட்டிலிருந்தும் அவற்றைத் தைத்த பெண்களின் வாழ்விலிருந்தும் பிரித்துக் காட்டியதாகப் பின்னர் திறனாய்வுக்கும் உள்ளானது. 1979 ஆம் ஆண்டில் ஓகையோ மாநிலத்தின் ஏதன்சு நகரில் சமகால ஒட்டுத்துணிக் கலைக்கெனத் தனிக் கண்காட்சி தொடங்கப்பட்டது.

சமகாலக் கலைஞர்கள் பலர் சுவரில் கம்பளித்துணியை விரித்து அதன்மீது துண்டுகளை ஒட்டி வைத்து, தொலைவில் நின்று பார்த்து, இடம் மாற்றி, மனநிறைவு அடைந்த பின்னரே தைக்கின்றனர். கவந்தியில் இத்தகைய ஒத்திகைக்கு இடமில்லை.

ஐக்கிய அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள கீசு பெண்டு என்னும் சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தைத்த விரிப்புகள் கவந்தியோடு அடிக்கடி ஒப்பிடப்படுகின்றன. அவை 2002 ஆம் ஆண்டில் ஊசுடன் நுண்கலை அருங்காட்சியகத்தில் தொடங்கிப் பல நகரங்களில் காட்சிப்படுத்தப்பட்டன. 2006 ஆம் ஆண்டில் அவற்றுள் பத்து விரிப்புகள் அந்நாட்டு அஞ்சல்தலைகளில் இடம்பெற்றன. அவ்வூரில் வீட்டுக்கூரை எனப்படும் அமைப்பிலும் ஒன்றனுள் ஒன்றாகச் சதுரங்கள் உள்ளன. ஆனால் அது நடுவில் தொடங்கி வெளிநோக்கி வளர்வது. கவந்தி வெளியில் தொடங்கி நடுவில் முடிவது. தோற்றத்தில் நெருக்கம் இருப்பினும் செய்முறை எதிரானது. மேலும், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முன்னோர் பெரும்பாலும் மேற்கு, நடு ஆப்பிரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். சித்தி மக்களின் முன்னோரோ கிழக்கு ஆப்பிரிக்கர். எனவே ஒப்புமையை மட்டும் கொண்டு இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கற்பிக்க இயலாது.

அறிமுகமும் விற்பனையும்

கவந்தி நீண்டகாலம் அப்பகுதிக்கு வெளியே அதிகம் அறியப்படாதிருந்தது. விசுகான்சின் பல்கலைக்கழகத்தின் கலை வரலாற்றுப் பேராசிரியர் என்றி ஜான் டிரூவல் 2004 ஆம் ஆண்டு முதல் சித்தி பெண்களிடையே ஆய்வு மேற்கொண்டதுடன், அவர்கள் ஒரு தையல் கூட்டுறவு அமைப்பை உருவாக்கவும் துணை நின்றார். 2011 ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ஷாம்பர்க் கறுப்பினப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் கவந்திகளின் கண்காட்சி நடைபெற்றது. அதன்பின் மேலைநாடுகளிலும் தையற்கலை ஆர்வலர் பலர் கவந்தி முறையைக் கற்றுத் தைத்து வருகின்றனர்.

வீட்டுக்காகத் தைத்த பொருள் விற்பனைக்குச் செல்லும்போது அதன் வடிவமைப்பும் மாறக்கூடும். வீட்டுக் கவந்தியில் கிடைத்த துணியே நிறத்தைத் தீர்மானிக்கிறது. வாங்குவோருக்காகத் தைக்கும்போது நிறமும் அளவும் அவர்கள் விருப்பத்துக்கு ஏற்ப முன்னரே முடிவாகலாம். பருத்திச் சேலைகளின் இடத்தைச் செயற்கை இழைச் சேலைகள் பிடித்துள்ளதால் மென்மையான பழம் பருத்தித்துணி கிடைப்பதும் குறைகிறது. மறுபுறம், கூலி வேலையை மட்டும் நம்பியிருந்த பெண்களுக்கு வீட்டிலிருந்தே வருவாய் கிடைப்பதும், தம் தாய், பாட்டியர் கைத்தொழிலுக்குப் பிறர் மதிப்பளிப்பதைக் காண்பதும் இதனால் இயன்றுள்ளது.

தைத்தவரின் பெயர் தொடர்பான சிக்கலும் உண்டு. காந்தா உள்ளிட்ட பழைய விரிப்புகள் பல, தைத்தவரின் பெயர் அறியப்படாமலேயே அருங்காட்சியகங்களில் உள்ளன. கீசு பெண்டு விரிப்புகளின் உரிமையும் வருவாயும் தொடர்பாகத் தைத்த பெண்கள் சிலர் 2007 ஆம் ஆண்டில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்குகள் 2008 ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தன. கவந்தியில் ஒவ்வொரு துண்டும் ஒருவர் எடுத்த முடிவு என்பதால், அதைக் கலைப்படைப்பாகக் காட்சிப்படுத்தும் இடங்களில் பொருளின் பெயரோடு தைத்தவரின் பெயரையும் குறிப்பிடுவது தேவையாகிறது.